மேடையில பொய் சொன்னா என்ன ஆகும்?

தேர்தல் சமயத்துல நம்ம குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டுல ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஒரு பிரசார வண்டி, ஓசூர் பக்கமிருந்து இன்னொண்ணு, வேப்பனப்பள்ளி ரோட்டுல இருந்து மூணாவது. மூணு ஒலிபெருக்கியும் ஒரே நேரத்துல கத்தும். ஒரு வண்டியில "எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு", அடுத்த வண்டியில "ஒண்ணுமே செய்யல". ரெண்டும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது, இது லாஜிக் கேட் படிச்ச நமக்குத் தெரியும். ஆனா எல்லா வண்டிக் கண்ணாடியிலயும் தேர்தல் அதிகாரி கொடுத்த அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டு வண்டிக்குத்தான், வண்டியில பேசுற விஷயத்துக்கு இல்ல.

அப்போ பேசுற விஷயத்துக்கு யார் பொறுப்பு? ஒருத்தர் மேடையில அப்பட்டமாப் பொய் சொன்னா, இல்ல எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பெண்களை இழுத்துப் பேசினா, சட்டப்படி என்ன நடக்கும்? நம்ம கேன்டீன்ல இதைக் கேட்டா ரெண்டு பதில்தான் வரும். "ஒண்ணும் நடக்காது மச்சி", இல்லேன்னா "எலெக்‌ஷன் கமிஷன் பார்த்துக்கும்". உண்மை ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. விதிகள் நாம நினைக்கிறதை விட நிறையவே இருக்கு, ஆனா அது வேலை செய்யுற விதம் நாம நினைக்கிற மாதிரி இல்ல.

நம்ம மாவட்டத்தோட பேர் அடிபட்ட கதை

எங்கேயோ நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி, நம்மளை நேரடியா உரசிட்டுப் போன ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். 2024 மார்ச் 1-ம் தேதி பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடிச்சது. மார்ச் 16-ம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து, நடத்தை விதிகள் அமலுக்கு வந்துச்சு. மூணே நாள் கழிச்சு, மார்ச் 19 அன்னிக்கு, பெங்களூரு நகரத்பேட்டையில் நடந்த ஒரு போராட்டத்துல மத்திய இணை அமைச்சர் ஷோபா கரந்தலாஜே பேசினாங்க. அவங்க பெங்களூரு வடக்குத் தொகுதி பாஜக வேட்பாளரும்கூட. தமிழ்நாட்டுல இருந்து வர்றவங்க அங்கே பயிற்சி எடுத்துட்டு இங்கே வந்து குண்டு வைக்கிறாங்க, இதுதான் பேச்சோட சாரம். கேரளா மேலயும் ஒரு குற்றச்சாட்டு வச்சாங்க.

அந்த நேரத்துல தேசியப் புலனாய்வு முகமை முக்கியக் குற்றவாளிகளைப் பிடிக்கக்கூட இல்ல. ஏப்ரல் 12-ம் தேதிதான் கொல்கத்தா பக்கத்துல ரெண்டு பேர் பிடிபட்டாங்க. ரெண்டு பேரும் கர்நாடகாவோட சிவமொக்கா மாவட்டத்துக்காரங்க.

பேச்சுக்குத் தமிழ்நாட்டுல பெரிய எதிர்ப்பு கிளம்பினதும் அமைச்சர் எக்ஸ் தளத்துல மன்னிப்புக் கேட்டாங்க. சொன்னதைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினாங்க. ஆனா அந்த மன்னிப்புக்குள்ளயே ஒரு விளக்கம் இருந்தது: தான் சொன்னது கிருஷ்ணகிரி காட்டுல பயிற்சி எடுத்தவங்களை மட்டும்தான்னு. அதாவது, மொத்த மாநிலத்து மேல போட்ட மூட்டையை எடுத்து ஒரே ஒரு மாவட்டத்து மேல இறக்கி வச்ச மாதிரி. நம்ம மாவட்டம்!

இதுல என்ன போச்சுன்னு கேட்கலாம். அப்போ பெங்களூருல இன்டர்ன்ஷிப்ல இருந்த எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க, சொந்த ஊர் கிருஷ்ணகிரின்னு சொன்னதும் "ஓ, அந்தக் காடா?"ன்னு ஒருத்தர் கேட்டதா சொன்னாங்க. ஜோக்காத்தான் கேட்டிருப்பாங்க. ஆனா நம்ம பேட்ச்ல பாதிப் பேர் ஜூன் மாசம் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகப்போறோம், பிஜியில ரூம் தேடப்போறோம். 2016 செப்டம்பர்ல காவிரிக் கலவரத்துல பெங்களூருல தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களை மொத்தமா எரிச்சாங்க. அந்த வாரம் எங்க அப்பா டிஎன் 24 நம்பர் வண்டியை ஓசூர்லயே நிறுத்திட்டுத் திரும்பி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. மேடையில ஒரு வாக்கியத்துல முடியுற விஷயம், எல்லையில வாழ்றவங்களுக்கு அங்கேயே முடியுறதில்ல.

சரி, சட்டம் என்ன செஞ்சது? திமுக புகார் கொடுத்தது. மறுநாளே, மார்ச் 20, தேர்தல் ஆணையம் கர்நாடகத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி, 48 மணி நேரத்துல அறிக்கை கேட்டது. மதுரை சைபர் கிரைம் போலீஸ் வழக்குப் பதிவு பண்ணாங்க. அதை ரத்து பண்ணச் சொல்லி அமைச்சர் சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. செப்டம்பர் மாசம் தமிழக மக்கள்கிட்ட மன்னிப்புக் கேட்டு பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணாங்க, மாநில அரசு ஏத்துக்கிட்டது, வழக்கு ரத்தாச்சு. இதுக்கு நடுவுல தேர்தல் நடந்து, அவங்க ஜெயிச்சு, மறுபடி இணை அமைச்சரும் ஆகியிருந்தாங்க.

பேச்சுக்கும் நீதிமன்ற மன்னிப்புக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துக்குள்ளதான் ஓட்டு விழுந்தது. இந்த இடைவெளியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மத்த எல்லாக் கதையிலயும் இதே இடைவெளி வரும்.

சட்டம் இல்லாத சட்டம்

"தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன"ன்னு செய்தியில கேட்டதும், அது நாடாளுமன்றம் போட்ட சட்டம்னுதான் நானும் பல பேரும் நினைச்சிருப்போம். அது சட்டமே இல்ல. 1960-ல் கேரளச் சட்டமன்றத் தேர்தல் சமயத்துல, எப்படிப் பேசணும், எப்படி ஊர்வலம் போகணும்னு கட்சிகள் பேசி ஒத்துக்கிட்ட ஒரு ஏற்பாடு. 1962 பொதுத்தேர்தலப்போ ஆணையம் அதை எல்லா மாநிலத்துக்கும் அனுப்பிச்சது. 1979-ல் ஆளுங்கட்சி அரசு வண்டி, அரசுப் பணம், அரசு விளம்பரம் இதையெல்லாம் பயன்படுத்தக் கூடாதுன்னு ஒரு பகுதி சேர்ந்தது.

ஹாஸ்டல்ல "பத்து மணிக்கு மேல யாரும் பாட்டு போடக் கூடாது"ன்னு ரூம்மேட்ஸ் பேசி வச்சுக்கிற மாதிரிதான் இது. மீறினா வார்டன்கிட்ட சொல்லலாம். வார்டன் கண்டிப்பானவரா இருந்தா பயம் இருக்கும். 1990 டிசம்பர்ல அப்படி ஒரு வார்டன் வந்தாரு, டி.என். சேஷன். தமிழ்நாடு கேடர் ஐஏஎஸ். 1996 வரைக்கும் தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்தாரு. அவர் காலத்துல விதிகள் மாறல, அதைப் பிடிச்சுக்கிட்ட கை மாறிச்சு. அரசியலமைப்புச் சட்டத்தோட 324-வது பிரிவு ஆணையத்துக்குத் தேர்தல் நடத்துற அதிகாரம் கொடுக்குது. அதை வச்சுத் தேர்தலைத் தள்ளி வைக்க முடியும், நிறுத்த முடியும். அந்தப் பயம்தான் நடத்தை விதிகளோட பவர் சப்ளை.

விதிகளைப் படிச்சா ஆச்சரியமா இருக்கும். மத்தக் கட்சியோட கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு, வேலை, இவ்வளவுதான் விமர்சிக்கலாம். பொது வாழ்க்கைக்குச் சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது. சரிபார்க்காத குற்றச்சாட்டையும், திரிச்சுச் சொல்றதையும் வச்சு விமர்சிக்கக் கூடாது. சாதி, மத உணர்வைக் கிளப்பி ஓட்டுக் கேட்கக் கூடாது. உரிமையாளர் அனுமதி இல்லாம அவங்க சுவத்துல எழுதக் கூடாது. ஒருத்தரோட அரசியல் கருத்து பிடிக்கலைன்னு அவர் வீட்டு முன்னாடி ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது, ஏன்னா வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்குறது எல்லாருக்கும் உரிமை. இது அத்தனையும் ஒழுங்கா நடந்தா நம்ம ஊர் தேர்தல் நம்ம ஊர் தேர்தல் மாதிரியே இருக்காது!

48 மணி நேரம்

மீறினா அதிகபட்சம் என்ன? 2021 சட்டமன்றத் தேர்தல்ல இதுக்கு ஒரு தெளிவான உதாரணம் இருக்கு. மார்ச் கடைசி வாரம், சென்னைப் பிரசாரத்துல திமுகவின் ஆ. ராசா, மு.க. ஸ்டாலினோட அரசியல் வளர்ச்சியையும் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியோட வளர்ச்சியையும் ஒப்பிட ஒரு உவமை சொன்னார். அந்த உவமை முதல்வரோட பிறப்பையும், அது வழியா அவர் அம்மாவையும் தொட்டது. மார்ச் 28 திருவொற்றியூர்ப் பிரசாரத்துல தன் அம்மாவைப் பத்திப் பேசும்போது பழனிசாமி கண்கலங்கினார். ஸ்டாலின் தன் கட்சிக்காரங்களைக் கண்ணியமாப் பேசச் சொல்லி அறிக்கை விட்டார். முதல்ல "நான் சொன்னதைத் திரிச்சுட்டாங்க"ன்னு சொன்ன ராசா, அப்புறம் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார்.

ஏப்ரல் 1-ம் தேதி ஆணையம் உத்தரவு போட்டது: 48 மணி நேரம் பிரசாரத் தடை, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியல்ல இருந்து பெயர் நீக்கம். ரெண்டு நாள்தானான்னு சிரிக்காதீங்க. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, ஏப்ரல் 4 மாலையோட பிரசாரம் முடியுது. அப்போ இருந்த மூணு சொச்ச நாள்ல ரெண்டு நாள் போச்சு. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியல் விஷயமும் சும்மா இல்ல. அந்தப் பட்டியல்ல இருக்கிறவரோட பயணச் செலவு கட்சிக் கணக்குல போகும், வேட்பாளரோட செலவு வரம்புக்குள்ள வராது. சட்டமன்ற வேட்பாளரோட வரம்பு 2022-ல இருந்து 40 லட்சம் ரூபாய். பட்டியல்ல இல்லாத ஒரு பெரிய தலைவர் வந்து பேசிட்டுப் போனா, அந்தச் செலவு வேட்பாளர் தலையில விழும். அவமரியாதையா பேசினதுக்கு அபராதம், நேரடியாப் பணமா இல்லாம கணக்குப் புத்தகம் வழியா வருது.

இது ஒரு கட்சியோட வியாதின்னு நினைச்சுக்காதீங்க. 2019 ஏப்ரல்ல ஒரே நாள்ல யோகி ஆதித்யநாத், மாயாவதி, அசம் கான், மேனகா காந்தி நாலு பேருக்கும் 48, 72 மணி நேரத் தடை விதிச்சாங்க. அதுவும் உச்ச நீதிமன்றம் "உங்க அதிகாரத்தைப் பயன்படுத்த மாட்டீங்களா"ங்கிற மாதிரி கேட்ட பிறகுதான்.

என் கருத்து என்னன்னா, ராசா விஷயத்துல நிஜமா வேலை செஞ்சது தடை மட்டும் இல்ல. சொந்தக் கட்சித் தலைவரே அறிக்கை விட்டதும், தேர்தலுக்கு முன்னாடியே மன்னிப்பு வந்ததும் முக்கியம். ஓட்டுப் போடுறவருக்குப் பேச்சும் தெரிஞ்சது, மன்னிப்பும் தெரிஞ்சது, ரெண்டையும் வச்சு முடிவு எடுக்க முடிஞ்சது. ராமேஸ்வரம் கஃபே விஷயத்துல முதல் மன்னிப்பு உடனே வந்தாலும், அதுக்குள்ளயே புதுசா ஒரு பழி இருந்தது.

பொய்யில ரெண்டு வகை

நடத்தை விதிகளைத் தாண்டி, நிஜமான சட்டமும் இருக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. அதுல 123-வது பிரிவு "ஊழல் நடவடிக்கைகள்" எதெல்லாம்னு சொல்லுது. 123(4) தான் நம்ம தலைப்புக்கு நேரடிப் பதில். ஒரு வேட்பாளரோட சொந்த நடத்தை, குணம் பத்தி, பொய்யான ஒரு தகவலை, அது பொய்னு தெரிஞ்சோ அல்லது உண்மைன்னு நம்பாமலோ, அவரோட வெற்றி வாய்ப்பைக் கெடுக்கிற மாதிரி வெளியிட்டா அது ஊழல் நடவடிக்கை. அதை வேட்பாளரோ, அவர் ஏஜென்ட்டோ, இவங்க சம்மதத்தோட வேற யாரோ செஞ்சிருக்கணும். நிரூபிச்சா ஜெயிச்சவரோட வெற்றி செல்லாது. ஆறு வருஷம் வரைக்கும் தேர்தல்ல நிற்கத் தடையும் வரலாம்.

இங்கதான் ஓட்டை இருக்கு, கவனமாப் படிங்க. "சொந்த நடத்தை" பத்தின பொய்தான் மாட்டும். "இவர் ரோடு போடல"ன்னு, ரோடு போட்டவரைப் பத்திச் சொன்னா? அது அரசியல் விமர்சனம், 123(4)-ல் வராது. "அடுத்த வருஷம் உங்க ஊருக்கு ரயில் வரும்"னு சும்மா அடிச்சு விட்டா? அதுவும் வராது. அதாவது அடுத்தவரைப் பத்திப் பொய் சொல்லக் கூடாது, தன்னைப் பத்தி எவ்வளவு வேணா சொல்லிக்கலாம். நம்ம ஊர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில தரகர் மாதிரிதான். பக்கத்து ஆளோட ஆட்டுக்கு நோய்னு புரளி கிளப்பினா சண்டை வரும். தன் ஆடு பத்து கிலோவைப் பதினஞ்சு கிலோன்னு சொன்னா யாரும் சண்டைக்குப் போக மாட்டாங்க, தூக்கிப் பார்ப்பாங்க, வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாங்க.

123(3) இன்னொரு பிரிவு. மதம், இனம், சாதி, சமூகம், மொழி அடிப்படையில ஓட்டுக் கேட்கக் கூடாது. 2017 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றத்தோட ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூணுங்கிற கணக்குல ஒரு தீர்ப்பு சொன்னது: வேட்பாளரோட மதம், சாதி, மொழி மட்டும் இல்ல, ஓட்டுப் போடுறவரோட மதம், சாதி, மொழியைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான். நம்ம பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். எங்க வீட்டுல தெலுங்கு, எதிர் வீட்டுல கன்னடம், தெருமுனையில உருது, கடைக்குப் போனா தமிழ். வேட்பாளர்கள் எங்க அவ்வாகிட்ட வந்து தெலுங்குலதான் ஓட்டுக் கேட்பாங்க. அதுல எந்தத் தப்பும் இல்ல. 2024-ல் நம்ம கிருஷ்ணகிரி எம்.பி. கே. கோபிநாத் மக்களவையில தெலுங்குலதான் உறுதிமொழி எடுத்தார். தெலுங்குல ஓட்டுக் கேட்கலாம். "நான் தெலுங்கு, நீயும் தெலுங்கு, அதனால எனக்குப் போடு"ன்னு கேட்கக் கூடாது. "அவன் தமிழனே இல்ல, அவனுக்குப் போடாதே"ன்னும் சொல்லக் கூடாது. கோடு மெல்லிசுதான், ஆனா கோடு இருக்கு.

இதையெல்லாம் கொண்டு போறது உயர் நீதிமன்றத்துக்கு. முடிவு வந்து 45 நாளுக்குள்ள, தோத்த வேட்பாளரோ அந்தத் தொகுதி வாக்காளரோ தேர்தல் வழக்கு போடலாம். நீங்களும் போடலாம்! ஆனா குற்ற வழக்கு அளவுக்குக் கறாரான ஆதாரம் கேட்பாங்க, அப்புறம் நேரம். 2016-ல் ராதாபுரம் தொகுதியில இன்பதுரை 49 ஓட்டுல அப்பாவுவை ஜெயிச்சதா அறிவிச்சாங்க. தபால் ஓட்டை வச்சு வழக்கு. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2019 அக்டோபர்ல. எண்ணி முடிச்சாங்க, ஆனா முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதிச்சது, சட்டமன்றத்தோட காலமே முடிஞ்சு 2021 தேர்தலும் வந்துடுச்சு. வெறும் எண்ணிக்கைக்கே இவ்வளவு நாள்னா, "தெரிஞ்சே பொய் சொன்னார்"னு நிரூபிக்க எவ்வளவு ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

இங்கிலாந்துல ஒரு கேஸ் பாருங்க. 2010 மே தேர்தல்ல, ஓல்டம் கிழக்கு - சாடில்வொர்த் தொகுதியில லேபர் கட்சியோட ஃபில் வூலஸ் 103 ஓட்டுல ஜெயிச்சார். எதிர் வேட்பாளர் தீவிரவாதிகளோட ஆதரவைத் தேடுறார்ங்கிற மாதிரி துண்டறிக்கை போட்டிருந்தார். தோத்தவர் வழக்கு போட்டார். நம்ம 123(4) மாதிரியே அங்கேயும் ஒரு பிரிவு இருக்கு. நவம்பர்ல தீர்ப்பு: தேர்தல் செல்லாது, மூணு வருஷம் நிற்கக் கூடாது. 2011 ஜனவரியில இடைத்தேர்தலே முடிஞ்சுபோச்சு. மொத்தம் எட்டு மாசம். சுவாரசியம் என்னன்னா, இடைத்தேர்தல்ல வேற வேட்பாளரை நிறுத்தி அதே லேபர் கட்சி இன்னும் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சது. அப்போ அந்தப் பொய் இல்லாமலே ஜெயிக்கிற இடம்தானே அது!

பல்லைப் பிடிச்சுப் பார்க்குறது

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு ஒரு பழமொழி உண்டு. தேர்தல் வாக்குறுதிகளுக்கு நாம இதைத்தான் அப்ளை பண்றோம்னு நினைக்கிறேன். ஆனா அது தானம் இல்ல, வரிப்பணம்.

1967-ல் திமுக "ரூபாய்க்கு மூன்று படி அரிசி"ன்னு சொன்னது நமக்குத் தெரியும். அதோட இன்னொரு பாதி பல பேருக்குத் தெரியாது. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்." ஆட்சிக்கு வந்ததும் முதல்ல சென்னை, கோவையில ஒரு படி கொடுத்தாங்க. மூணு படி வரவே இல்லன்னு இன்னிக்கும் கிண்டல் பண்றவங்க உண்டு, அது நியாயமான விமர்சனம்தான். ஆனா ஒரு இன்ஜினியரா பார்த்தா எனக்கு அந்த வாக்கியம் பிடிச்சிருக்கு. எது டார்கெட், எது கேரன்ட்டின்னு தனித்தனியாப் பிரிச்சுச் சொன்ன வாக்குறுதி அது. இப்போ வர்ற தேர்தல் அறிக்கைகள்ல எல்லாமே கேரன்ட்டிதான்.

2006-ல் கலர் டிவி, 2011-ல் ரெண்டு பக்கமும் போட்டி போட்டு மிக்ஸி, கிரைண்டர், லேப்டாப். (நான் படிச்சது பிரைவேட் இங்கிலீஷ் மீடியம், எனக்கு லேப்டாப் கிடைக்கல. அந்தக் கடுப்புல எழுதுறேன்னு நினைக்காதீங்க.) இதை எதிர்த்து சுப்ரமணியம் பாலாஜிங்கிறவர் போட்ட வழக்குல 2013 ஜூலை 5-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அறிக்கையில வாக்குறுதி கொடுக்குறது ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனா தேர்தல் ஆணையம் இதுக்கு விதிமுறை உருவாக்கணும்னு சொன்னாங்க. அதனால நடத்தை விதிகள்ல தேர்தல் அறிக்கைக்குன்னே ஒரு பகுதி சேர்ந்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், பணம் எங்கிருந்து வரும்ங்கிறதையும் பொதுவாகவாவது சொல்லணும். 2022 அக்டோபர்ல ஆணையம் இதுக்கு ஒரு படிவமே தயார் பண்ணி, கட்சிகள்கிட்ட கருத்து கேட்டது. நம்ம மினி புராஜெக்ட் ரிப்போர்ட்டுலயே செலவு மதிப்பீட்டுப் பக்கம் இல்லைன்னா கைடு திருப்பி அனுப்புறாங்க. மாநிலத்தோட பட்ஜெட்டை மாத்துற அறிக்கைக்கு அந்தப் பக்கம் இல்லைன்னா யாரும் திருப்பி அனுப்புறதில்ல.

ரொக்கம்

பணப் பட்டுவாடா பத்தி ரொம்ப எழுத வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரல்ல ஆர்.கே. நகர். 2019 ஏப்ரல்ல வேலூர் மக்களவைத் தொகுதி. இத்தனையிலும் ஓட்டுக்குப் பணம்ங்கிற காரணத்துக்காகத் தேர்தலையே ரத்து பண்ணி வேற தேதியில நடத்தினாங்க. 2021 தேர்தல்ல தமிழ்நாட்டுல மட்டும் பிடிபட்ட பணம், நகை, பொருள் மதிப்பு சுமார் 446 கோடி ரூபாய்.

ஆனா இதோட பக்கவிளைவு நம்ம ஊர்ல யார் மேல விழுதுன்னு பாருங்க. ஆட்டுச் சந்தை மொத்தமும் ரொக்கத்துலதான் ஓடுது. விலை பேசி கையில பணத்தை எண்ணி வைக்கிற இடத்துல பில் எங்கிருந்து வரும்? 50,000 ரூபாய்க்கு மேல கொண்டுபோனா பறக்கும் படை ஆவணம் கேட்கும். அதனால தேர்தல் மாசத்துல வெளியூர் வியாபாரிங்க வர்றதுக்கே யோசிக்கிறாங்க, ஆடு வளர்க்கிறவங்களுக்கு விலை படியுறதில்ல. யாரோ ஓட்டுக்குக் காசு கொடுக்கிறதுக்கு இவங்க ஏன் தண்டம் கட்டணும்? பணம் பிடிபட்டா மாவட்ட அளவுல மூணு அதிகாரிகள் கொண்ட குறைதீர்க்கும் குழு இருக்கு, தேர்தலுக்குச் சம்பந்தமில்லாத பணம்னு காட்டினா வழக்கு இல்லாமலே திரும்பக் கிடைக்கும். இந்தத் தகவலை உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லி வைங்க.

அச்சகத்துப் பேர் இல்லாத நோட்டீஸ்

தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதை எடுத்தாலும் கீழே பொடி எழுத்துல அச்சகத்தோட பேரும் வெளியிட்டவர் பேரும் இருக்கும். அது அழகுக்கு இல்ல. 127ஏ பிரிவுப்படி இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். பொய் அச்சடிச்சா யாரைப் பிடிக்கணும்னு தெரியணும், அதுக்காகத்தான்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு அந்தப் பொடி எழுத்து இல்ல. 2023 மார்ச்ல பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் பரவுச்சு. பீகார்ல இருந்து அதிகாரிகள் குழுவே விசாரிக்க வந்தது. குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் சிப்காட் பக்கம் வேலை செய்யுற வடமாநில அண்ணன்களுக்கு ஊர்ல இருந்து "திரும்பி வந்துடு"ன்னு போன் மேல போன். 2024-ல் அடுத்த கட்டம். ஜனவரியில மறைந்த கருணாநிதி ஏஐ மூலமா ஒரு புத்தக வெளியீட்டு விழாவுல பேசினார், பிப்ரவரியில ஜெயலலிதா குரல்ல அதிமுக ஒரு செய்தி வெளியிட்டது. ரெண்டும் அந்தந்தக் கட்சியே, ஏஐன்னு தெரியுற மாதிரி செஞ்சது. ஏமாத்து வேலை இல்ல. ஆனா இதே டூல் வேற யார் கையில வேணா இருக்கலாம். 2024 மே 6-ல் ஆணையம், போலி வீடியோ கவனத்துக்கு வந்தா மூணு மணி நேரத்துல எடுக்கணும்னு கட்சிகளுக்கு உத்தரவு போட்டது. 2025 அக்டோபர்ல, ஏஐ படத்துல குறைஞ்சது 10 சதவீத இடத்துல லேபிள் இருக்கணும்னு சொன்னது. நல்ல விதிதான். ஆனா அந்த லேபிளை கிராப் பண்ண எத்தனை செகண்ட் ஆகும்னு நம்ம டிபார்ட்மென்ட்ல யாரை வேணா கேளுங்க.

வேற ஊர்ல என்ன பண்றாங்க

தெற்கு ஆஸ்திரேலியாவுல 1985-ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. தேர்தல் விளம்பரத்துல தகவல்னு சொல்ற விஷயம் தப்பா, திசைதிருப்புற மாதிரி இருந்தா குற்றம். ஆள் மேல சொன்ன பொய்யா, திட்டம் மேல சொன்ன பொய்யான்னு வித்தியாசம் இல்ல. தேர்தல் ஆணையர் "எடு, திருத்தம் போடு"ன்னு கேட்கலாம், அதுவும் பிரசாரம் நடக்கும்போதே. நான் முன்னாடி சொன்ன இடைவெளியைக் குறைக்கிற வழி இது. அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சட்டம் வச்சிருந்தது, 2014-ல் அது பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு நீதிமன்றம் தூக்கி எறிஞ்சது. எது உண்மைன்னு அரசாங்கம் முடிவு பண்ணக் கூடாது, மக்கள் முடிவு பண்ணட்டும்ங்கிறது அவங்க வாதம். நம்ம ஊர்ல ஆளுங்கட்சிகள் அவதூறு வழக்குகளை எப்படிப் பயன்படுத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பயமும் புரியும்.

கலிபோர்னியா மூணாவது வழி. வேட்புமனு கொடுக்கும்போதே ஒரு உறுதிமொழிப் படிவம் கையில கொடுப்பாங்க. பொய், தனிநபர் தாக்குதல் இல்லாமப் பிரசாரம் பண்ணுவேன்னு கையெழுத்து. கட்டாயம் இல்ல. ஆனா கையெழுத்து போட்டவங்க படிவம் பொது ஆவணம், யார் வேணா பார்க்கலாம். போடாதவங்க யாருன்னும் அதுலயே தெரிஞ்சிடும். ஜெயில் இல்ல, அபராதம் இல்ல, வெறும் கூச்சம் மட்டும்தான். கூச்சத்தை நம்பி என்ன பிரயோஜனம்னு கேட்டா, நம்ம நடத்தை விதிகளும் 1960-ல் அப்படித்தானே ஆரம்பிச்சது. பெரிய மேடைகள்ல இது எடுபடுமான்னு தெரியல, ஆனா ஒரு தொகுதி அளவுல, ஒரு ஊராட்சி அளவுல எடுபடும்னு எனக்குத் தோணுது. ஏன்னா அங்க வேட்பாளரும் வாக்காளரும் அடுத்த வெள்ளிக்கிழமை அதே சந்தையில பார்த்துக்கணும்.

ஒரு ஓட்டு, ரெண்டு ஓட்டு என்ன பண்ணிடும்னு சொல்றவங்களுக்கு: 2021-ல் தியாகராய நகர்ல வித்தியாசம் 137. நம்ம கிருஷ்ணகிரி தொகுதியில 794. நம்ம காலேஜ்ல ரெண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்தா அதைவிட அதிகம் வருவோம். ஒரே ஒரு பொய் ஃபார்வர்டு அவ்வளவு பேரைப் போய்ச் சேர ஒரு சாயங்காலம் போதும்.

கடைசியா, கையில இருக்கிற போன்ல செய்யக்கூடியது. தேர்தல் ஆணையத்தோட சி-விஜில் ஆப் 2018-ல் வந்தது. பணம் கொடுக்கிறது, பரிசுப் பொருள், மத வெறுப்புப் பேச்சு, அனுமதி இல்லாத போஸ்டர் எதைப் பார்த்தாலும் போட்டோ எடுக்கலாம், இல்ல ரெண்டு நிமிஷ வீடியோ எடுக்கலாம். கேலரியில இருந்து பழைய வீடியோ ஏத்த முடியாது, அந்த ஆப்புக்குள்ளயே எடுத்தாத்தான் ஏத்துக்கும். இடம் ஜிபிஎஸ்ல தானா பதிவாகும். எடுத்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள அனுப்பிடணும். போலிப் புகார் வராம இருக்க எவ்வளவு அழகா டிசைன் பண்ணியிருக்காங்க பாருங்க. பேர் சொல்லாமலும் அனுப்பலாம், 100 நிமிஷத்துல நடவடிக்கை நிலவரம் வரணும்ங்கிறது கணக்கு. வேட்பாளரோட சொத்து, வழக்கு விவரம் எல்லாம் அவர் தாக்கல் பண்ண பிரமாணப் பத்திரத்துல இருக்கும், ஆணையத்தோட தளத்துல இலவசமா டவுன்லோட் பண்ணலாம். பிரமாணப் பத்திரத்தை எப்ப வேணா படிக்கலாம், ஆனா சி-விஜில் தேர்தல் அறிவிச்ச மாநிலத்துல, நடத்தை விதிகள் அமல்ல இருக்கிற நாள்கள்ல மட்டும்தான் புகாரை எடுத்துக்கும். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில நின்னு அனுப்பினா, கர்நாடகாவுல தேர்தல் இருந்தாத்தான் போகும்.